நர்ஸ் ரோசம்மாளுக்குச் சேர வேண்டிய நன்றி

நர்ஸ் ரோசம்மாள் காலமானார் என்ற செய்தியை மண்டி மொஹல்லாக் கடை ஒன்றில் கேட்டேன். வாங்க வந்ததை மறந்து வீடு திரும்பினேன். அவரைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவருடைய தம்பி கேட்டிருக்கிறார். நல்லபடியாக எழுதுவது எளிது. உண்மையை எழுதுவதுதான் கடினம்.

நான் மேஸ்திரியாக இருந்த பட்டுநூல் தொழிற்சாலைக்கு அவர் நர்சாக வந்தார். வெந்நீர்த் தொட்டிகளில் பட்டுக்கூடுகளை மிதக்கவிட்டுப் பெண்கள் இழை எடுப்பார்கள். காற்றடித்தால் இழை அறும் என்று சித்திரை வெயிலிலும் ஜன்னல்களை அடைத்தே வைத்திருப்போம்.

"இழை அறுந்தா முடிச்சுப் போடலாம் மேஸ்திரி. மனுஷி விழுந்தா என்ன செய்வீங்க?" என்றார் முதல் நாளே. மத்தியானம் நிழலில் ஓய்வு, உப்புப் போட்ட மோர், தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்று எவளாவது சொன்னால் உடனே வெளியே அனுப்பச் சொன்னார். நான் தலையை ஆட்டியதோடு சரி.

ஒரு பிற்பகல், கொள்ளேகாலத்துப் பெண் மாதம்மாள் உளறியபடி சரிந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. எங்கள் பக்கத்தில் குளிர்காய்ச்சல் காணாத வீடு கிடையாது. இதுவும் அதுதான் என்று முடிவு கட்டி, கிடங்கறையில் படுக்க வைத்து, கழுத்துவரை கம்பளியைப் போர்த்திவிட்டு, கொயினா மருந்து தேடிப் போனேன். திரும்பியபோது கம்பளி மூலையில் கிடந்தது. டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, ரோசம்மாள் அவளைத் தண்ணீரால் நனைத்து முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார்.

"தொட்டுப் பாருங்க. இவ்வளவு சூட்டுல ஒரு சொட்டு வேர்வை இல்ல, புத்தியும் தடுமாறுது. இது வெக்கை தாக்கினது. கம்பளி போத்தினா செத்துப்போயிடுவா. நினைவு வர்ற வரைக்கும் வாயில எதுவும் ஊத்தாதீங்க."

அவள் கண் விழித்ததும் சாலைக்குள் போய் ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார். மறுநாள் முதலாளி பாழான நூலைக் காட்டிக் கேட்டார். "நர்சம்மா என்னைக் கேக்காமத் திறந்துட்டாங்க" என்றேன். கம்பளியைப் பற்றி மூச்சு விடவில்லை. ரோசம்மாளும் விடவில்லை. "ஆமாங்க, நான்தான்" என்றார். அந்த வாரமே அவருடைய வேலை போயிற்று.

மாதம்மாளைக் காப்பாற்றியது மேஸ்திரிதான் என்று சாலையில் பேச்சு கிளம்பியது. நான் மறுக்கவில்லை. அவர் கேட்ட மோரையும் ஓய்வையும் அடுத்த கோடையில் நானே கொண்டுவந்து பெயரும் வாங்கினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிறகு அவர் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்த்துப் பிழைத்தார். வழியில் கண்டால் "சௌக்கியமா மேஸ்திரி?" என்று அவரே முதலில் கேட்பார். நான் குடையைத் தாழ்த்திக்கொண்டு நடப்பேன்.

நேற்று கல்லறைத் தோட்டத்துக்கு மாதம்மாளும் வந்திருந்தாள். அவளுடைய மகளுக்குப் பிரசவம் பார்த்தவர் ரோசம்மாள்தான். என்னைக் கண்டதும் கைகூப்பினாள்.

"அன்னிக்கு நீங்க இல்லீன்னா நான் இல்லீங்க சாமி."

"அன்னிக்கு உனக்குக் கம்பளி போத்துனவன் நான், மாதம்மா. அதுலயே நீ போயிருப்பே. அத எடுத்தெறிஞ்சு உன்னைப் பிழைக்க வச்சவங்களத்தான் இப்ப புதைச்சிருக்கு."

கூப்பிய கைகளை அவள் இறக்கினாள்.

"பேத்தி பொறந்தப்ப ராவும் பகலும் எங்கூடவே இருந்தாங்க. ஒரு வார்த்த சொல்லுலீங்களே" என்று குழிமேட்டில் உட்கார்ந்து அழுதாள்.

ரோசம்மா அவர்களே, நீங்கள் உயிரோடு கேட்டிருக்க வேண்டிய நன்றியை இத்தனை வருடம் நான் வைத்துக்கொண்டிருந்தேன். நேற்று மாதம்மாள் உங்கள் மண்ணைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். போய் வாருங்கள், அம்மா.