காஜா பெராங் இடுகாட்டில் முளை நட்ட நாள்

அலோர்காஜாவிலிருந்து விடியும்போதே சைக்கிளில் கிளம்பினேன். ஜப்பான் காலம். கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்கு ஏற்ப ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அதனால் என் கைக்கடிகாரம் எட்டு காட்டியபோது சாலையில் பனிகூட விலகவில்லை. டயர் கிடைக்காததால் சக்கரங்களில் ரப்பர்க் குழாயைச் சுற்றியிருந்தேன். மலாக்காவுக்குப் பதினைந்து மைல். சாலையின் ஒவ்வொரு கல்லும் உடம்பில் தட்டியது.

நான் நில அளவை ஆபீசில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. மலாக்காவில் காஜா பெராங் ஓரத்தில் உள்ள பழைய இந்து இடுகாட்டைக் கொத்தி மரவள்ளி நட உத்தரவாகியிருந்தது. பெயர் எழுதிய அடையாளம் இருக்கும் குழிகளை மட்டும் விட்டுவிடுவார்கள். நான்கு மணிக்கு ஜப்பானிய அதிகாரி வருவார். அதற்குள் பட்டியலும் வரைபடமும் தயாராக வேண்டும்.

வழியில் செங் என்ற ஊரருகே ஒரு பெண் கையைக் காட்டி நிறுத்தினார். முப்பது வயதிருக்கும். பெயர் வீரம்மா, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்.

"காஜா பெராங் பக்கம் போறீங்களா ஐயா? அங்க இடுகாட்டத் தோண்டப் போறாங்களாம். எம்புள்ள அங்க இருக்கா."

பின்னால் உட்காரச் சொன்னேன்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இடுப்பளவு லாலாங் புல். சதுப்பிலிருந்து எழுந்த ஆவி புல்லின் தலைக்கு மேல் அசையாமல் நின்றது. எழுத்து தேய்ந்த செம்பாறைக் கற்கள் ஏழு கண்ணில் பட்டன. மற்றதெல்லாம் வெறும் தரை.

குழிகளை அடையாளம் காட்ட, தரையில் அடிக்கும் மூங்கில் முளைக் கட்டுகளோடும் ஒரு டின் தாரோடும் நீலா என்ற சிட்டி அம்மாள் காத்திருந்தார். சிட்டிகள் தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் இருப்பவர்கள். சாமி நம்முடையது, பேச்சு மலாய். அவர் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். என்னை அழைத்த 'தம்பி' மட்டும் அவர் வாயிலேயே தமிழாக வந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். சில அடி போய் நின்று, "சினி" என்று குதிகாலால் தட்டினார். இங்கே என்று பொருள். "முத்து. மீன் விற்றவர்." இரண்டு அடி தள்ளி, "சினி. அவர் மனைவி. கோபக்காரி. பார்த்து மிதி, தம்பி."

"எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் புல் வெட்ட வருவோம். அம்மா பெயர் சொல்லிக்கொண்டே வெட்டுவாள். கால் பழகிவிட்டது."

நான் முளையில் தாரால் எழுதினேன், வீரம்மா நட்டார். கடிகாரம் ஒன்று சொன்னது, வெயில் வேறொன்று சொன்னது. எது நிஜ நேரம் என்பதே மறந்து போயிற்று. பசியும் சேர்ந்துகொண்டதோ என்னவோ, இரண்டு பக்கமும் வீடுகள் உள்ள தெருவில் நடப்பதுபோலவும், ஒவ்வொரு வாசலிலும் யாரோ எழுந்து நின்று எங்களைப் பார்ப்பதுபோலவும் இருந்தது.

மூன்று மணிக்குக் கடைசிக் கட்டு பாதி காலியானது. அப்போதுதான் வீரம்மா சொன்னார்: "ரெண்டு தென்ன மரத்துக்கு நடுவுல பொதச்சோம் ஐயா. அப்ப நாங்க தெங்கேராவுல இருந்தோம். இப்ப மரமே இல்ல."

"பிள்ளை பேரு?"

"வைக்கல. பதினாறாம் நாள் வைக்கலாம்னு இருந்தோம். ஒம்பதாம் நாளே போயிட்டா."

"பேரும் இடமும் இல்லாம எழுத முடியாதேம்மா" என்றேன். சொன்ன உடனே வெட்கமாக இருந்தது.

என்னவென்று நீலா கேட்டார். மலாயில் சொன்னேன். அவர் நேராக நடந்து போய், "சினி" என்று தட்டினார். "என் அம்மாவுக்குப் பக்கத்தில்."

அந்த இடத்தை அவர் அதற்குள் மூன்று தடவை பேசாமல் கடந்திருந்தார். "நிச்சயமாகத் தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அம்மா எட்டுப் பிள்ளை வளர்த்தவள். இன்னொன்றுக்கு இடம் இருக்கும், தம்பி."

வீரம்மாவுக்கு அந்த அளவு மலாய் புரியும். கட்டிலிருந்து ஒரு முளையை உருவி என்னிடம் நீட்டினார்.

"என்ன பேரு எழுதட்டும்?"

"செல்லம்னு எழுதுங்க. அப்படித்தான் கூப்பிட்டோம்."

அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். வரைபடத்தையும் முளைகளையும் ஒப்பிட்டபடி நடந்து, செல்லத்தின் முளையருகே நின்று எழுத்தைத் தொட்டார். தார் விரலில் ஒட்டியது. "எல்லாம் உண்மையா?" என்று என்னைக் கேட்டார்.

பொய்க் கணக்குக் கொடுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். "எல்லாம் உண்மை" என்றேன். அவர் விரலைப் புல்லில் துடைத்துவிட்டுப் பட்டியலில் முத்திரை குத்தினார். முளைகளைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார். கயிற்றுக்கு வெளியே மரவள்ளி.

திரும்பும்போது செங்கில் வீரம்மா இறங்கினார். உடனே போகவில்லை.

"என் வீட்டுக்காரர சயாம் ரயில் வேலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஒரு சேதியும் இல்ல. அங்கயும் யாராச்சும் இப்படிப் பேரெல்லாம் எழுதுவாங்களா ஐயா?"

நோட்டைத் திறந்து, "அவர் பேரு?" என்றேன்.

"மாரிமுத்து." சொன்னவர் சட்டென்று என் கையைப் பிடித்தார். "செத்துட்டாருன்னு எழுதிடாதீங்க."

"இல்லம்மா. பேரு மட்டும்தான்."

எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். பிறகு ரப்பர் மரங்களுக்குள் நடந்து போனார். அலோர்காஜாவுக்கு இன்னும் பத்து மைல் இருந்தது.