கடையைப் பூட்டிவிட்டு மலைக்கு

பாரிஸ் லா சப்பலில் என் மரக்கறிக் கடையைப் பூட்டிய நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். எல்லாம் நெருங்கிய உறவில் நடந்த செத்தவீடுகள். கலியாணங்களுக்கு மனைவியை அனுப்பிவிட்டு நான் கல்லாவில் இருப்பேன்.

மகள் லிசே என்கிற உயர்பள்ளியில் படித்தபோது, வகுப்போடு போய் அன்னெசி ஏரிக்கு மேலே ஒரு மலையில் ஏறினாள். "பப்பா, நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்காப் போவமா?" என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் கேட்டாள். "கடையை ஆர் பாக்கிறது?" என்று ஒவ்வொரு கோடையும் சொன்னேன். இப்போது அவள் மொன்றியலில் வேலை செய்கிறாள். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு மலையேறும் சப்பாத்து ஒரு சோடி அனுப்பினாள். அதே மலையின் உச்சியில் நின்று படம் அனுப்பும்வரை உங்களை நம்பமாட்டேன் என்று பிரெஞ்சில் ஒரு குறிப்பும் இருந்தது. சப்பாத்து ஒரு வருடம் பருப்பு மூட்டைக்கு மேல் இருந்தது.

போன ஜூனில் ஒரு திங்கட்கிழமை ரோஷம் வந்துவிட்டது. முதல் ரயிலில் கிளம்பினேன். செவ்வாய் விடிய மரக்கறி வந்து இறங்கும், அதற்குள் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. பையில் இரண்டு லீற்றர் தண்ணீர், ஒரு குடை, பன்னிரண்டு ரோல்ஸ். தனியாகப் போகிறவனுக்கு எதற்குப் பன்னிரண்டு என்று கேட்காதீர்கள். அளவாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு பயணம் போன தமிழனை நான் கண்டதில்லை.

மலையில் எதிரே வருகிற எல்லாரும் "போன்ஜூர்" சொல்கிறார்கள். முதலில் வந்த அம்மாவிடம் நானும் "போன்ஜூர்" சொல்லி, "வேறென்ன வேணும்?" என்றும் பிரெஞ்சில் கேட்டுவிட்டேன். முப்பது வருடக் கல்லாப் பழக்கம். அவர் சற்று யோசித்து, ஒன்றும் வேண்டாம், நன்றி என்று சொல்லிப் போனார். இன்னும் கொஞ்சம் ஏறியதும் மணிச்சத்தம் கேட்டது. என் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வளைவைத் திரும்பினால், கழுத்தில் மணி கட்டிய நான்கு மாடுகள்.

மார்க்ஸ் டோர்மோயில் லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடி வீட்டுக்குத் தினமும் ஏறுகிறவன் என்று எனக்கு என்மேல் ஒரு மதிப்பு இருந்தது. அது பாதி மலையில் கழன்றுவிட்டது. எழுபது தாண்டிய ஒரு தம்பதி என்னை இரண்டு தரம் முந்தினார்கள். நடுவில் எங்கோ உட்கார்ந்து ஆறுதலாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். மூச்சு வாங்குவதே முழுநேர வேலையாக இருந்ததால் நான் அதைக் கவனிக்கவில்லை.

மூன்று மணிக்கு ஒரு கல்மேட்டில் ஏறி நின்றேன். கீழே ஏரி முழுதாகத் தெரிந்தது. பெருமை தாங்கவில்லை. படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிட்டு எட்டாவது ரோல்ஸைக் கடித்தேன். உடனே பதில் வந்தது.

"பப்பா, அது உச்சி இல்லை. பின்னால் பாருங்கள்."

பார்த்தேன். உச்சி இன்னும் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தது. ஏறினால் கடைசி பஸ் போய்விடும். பஸ் போனால் ரயில் போகும், ரயில் போனால் செவ்வாய்க்கிழமை வியாபாரம் போகும். நான் யோசித்து முடிப்பதற்குள் அடுத்த செய்தி வந்தது.

"பரவாயில்லை, இறங்குங்கள். கடை இருக்கிறதுதானே."

கோபத்தில் எழுதியிருந்தால் சமாளித்திருப்பேன். பழகிப்போய் எழுதியிருந்தாள்.

பக்கத்துக் கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், இருபது வருடப் பழக்கம். விடிய வரும் மரக்கறிப் பெட்டிகளை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, "நாளைக்கும் கடை பூட்டு எண்டு கதவிலை ஒரு கடதாசி ஒட்டிவிடுங்கோ தம்பி" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணை, ஆற்றை செத்தவீடு?"

"ஒருத்தரும் சாகேல்லை. மகளோடை மலை ஏற வந்தனான்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினேன்.