பக்கத்து சீட்டில் ஒரு சார்

ஊசியில் நூல் கோத்தாயிற்று, துணியையும் வைத்தாயிற்று. ஆனாலும் கர்ட்டன் அக்கா மெஷினை மிதிக்கவில்லை. முதலில் வலது தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறார். பின்னால் இருப்பது சுவர். அப்புறம் இடது பக்கம். அங்கே அயர்ன் பெட்டி. எந்த வண்டியும் வரவில்லை என்று உறுதியான பிறகுதான் மெஷின் கடகடக்கிறது. "என்ன பண்ணச் சொல்றீங்க? இங்க, தேவையே இல்லாத இடத்துல எல்லாம் கழுத்து தானா திரும்புது. அங்க போனா பக்கத்து சீட்டுலயே ஆணி அடிச்ச மாதிரி நின்னுடுது" என்கிறார்.

அங்கே என்றால் டிரைவிங் டெஸ்ட். இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் ஃபெயில். மூன்றாவது டெஸ்ட் நாளைக்குக் காலையில்.

ஐம்பதைத் தொடப்போகிற வயது. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் மாலையாகக் கிடக்கும். கல்யாண வீட்டுக்கே ஒருமுறை அப்படிப் போய்விட்டார். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, கர்ட்டன் தைத்து, மாட்டிவிட்டு வருவது புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து செய்கிற தொழில். அளவும் தையலும் அக்கா. கம்பி, ஏணி, பழைய வெள்ளை வேன் எல்லாம் வீட்டுக்காரர். அந்த மனிதர் சில மாதங்களுக்கு முன் பட்டப்பகலில் எதிர்வீட்டு கேட்டின் மேல் வேனை ஏற்றிவிட்டார். "இனிமே ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது" என்று கண் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "லேசா மங்கல், அவ்வளவுதான். டாக்டருங்க எப்பவும் பெரிசுபடுத்துவாங்க" என்று வீட்டுக்காரர் சொன்னதை அக்காவும் நம்பினார்.

அன்றிலிருந்து வேன் வாசலில் தூங்குகிறது. ஆளுயரக் கம்பிகளையும் ஏணியையும் எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள்? கொழுந்தனாருக்கு அந்த வேன் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். "அண்ணி, சும்மா நின்னா துருப்பிடிச்சுப் போயிடும். இந்தத் தடவையும் லைசென்ஸ் கிடைக்கலைன்னா நான் ஓட்டிட்டுப் போறேன்" என்றார். அண்ணன்காரரும் தலையாட்டிவிட்டார். வேன் போனால் தொழிலும் அதன் பின்னாலேயே போய்விடும் என்பது அக்காவுக்குத் தெரியும். சோறு இறங்காமல் அலைகிறார்.

முதல் தடவை கவிழ்த்தது கை. தையல்காரர்கள் மெஷினை நிறுத்த வலது உள்ளங்கையால் சக்கரத்தை அழுத்திப் பிடிப்பார்கள். டெஸ்டில் "நிறுத்துங்க" என்றதும் அக்காவின் உள்ளங்கை ஸ்டியரிங்கின் நடுவில் போய் அழுந்தியது. ஹாரன் ஊரைக் கூட்டியது, வேன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "ஹாரன் அடிச்சா வண்டி நிக்குமாம்மா?" என்று கேட்டார் டெஸ்ட் எடுத்தவர். இரண்டாவது தடவை கவிழ்த்தது கழுத்து. ஒவ்வொரு திருப்பத்திலும் ரோட்டைப் பார்க்காமல் பக்கத்து சீட்டைப் பார்த்து, கண்ணாலேயே "போலாமா?" என்று கேட்டிருக்கிறார். பாவம், அந்த ஆபீசர் வெலவெலத்துப்போனார்.

வீட்டுக்குள் அக்கா கிழித்த கோட்டை வீட்டுக்காரர் தாண்டமாட்டார். வேனுக்குள் மட்டும் ராஜ்யம் அவருடையது. வேன் சாவியும் வீட்டுச் சாவியும் ஒரே வளையத்தில் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். அக்கா பழகி முடித்து இன்ஜினை அணைப்பாரோ இல்லையோ, பக்கத்திலிருந்து உள்ளங்கை நீளும். சாவி போன இடத்துக்கே திரும்பிவிடும்.

"நிஜ டெஸ்ட் மாதிரியே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க. பக்கத்துல இருக்கறது வீட்டுக்காரர் இல்ல, யாரோன்னு நினைச்சுக்கங்க" என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் யோசனை சொன்னார். அக்காவைவிட வீட்டுக்காரருக்குத்தான் அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. இன்று மத்தியானம் மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் கிளிப் மாட்டிய அட்டையோடு வேன் பக்கத்தில் வந்து நின்றார்.

"அடுத்தது யாரும்மா?"

வாசலில் இருந்ததே அக்கா ஒருவர்தான். "நான்தாங்க."

"ஏங்க, என்னங்க எல்லாம் இங்க கிடையாது. சார்னு சொல்லணும். வண்டியில ஏறுங்க."

கல்யாணமான நாளிலிருந்து 'ஏறு, இறங்கு' என்று கேட்டுப் பழகிய காது. சிரிப்பதா, வெட்கப்படுவதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. வேற்று ஆம்பளையோடு வண்டி ஏறுகிற மாதிரி கூச்சமாகக்கூட இருந்தது.

"மிரர் பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"என்ன தெரியுது?"

"நம்ம வீடு."

"உங்க வீடு எனக்கெப்படித் தெரியும்? பின்னாடி வண்டி வருதான்னு சொல்லுங்கம்மா."

தெருமுனை தாண்டியதும் அக்காவுக்குப் பகீரென்றது. "ஏங்க, பால் வெச்சேனே, அடுப்பை அணைச்சேனா?"

"எந்த அடுப்பும்மா?" என்றார் சார், முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

கியரைப் பார்ப்பதா, மிரரைப் பார்ப்பதா, பால் பொங்கி வழிவதை நினைப்பதா? புருஷனிடம் கேட்க வேண்டியதைக் கேட்கப் பக்கத்தில் புருஷன் இல்லை. என்ன கூத்துடா இது என்று முணுமுணுத்தபடியே ஓட்டினார்.

"மருந்துக்கடை முனையில வலது பக்கம் திரும்புங்க."

காலம் காலமாக வேலைக்குப் போன வழிதான். இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், அந்தத் தெருவின் வாயில் புதிதாக ஒரு போர்டு. சாப்பாட்டுத் தட்டு அளவு, சிவப்பு வட்டம், நடுவில் வெள்ளைக் கோடு. உள்ளே போகக் கூடாது. சார் சொல்வதைக் கேட்பதா, போர்டு சொல்வதைக் கேட்பதா? ஆபீசர்கள் வேண்டுமென்றே குழப்பிவிடுவார்கள் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். இது அந்த மாதிரிப் பொறியா? கழுத்து பக்கத்து சீட்டுக்கு ஓடியது. சார் நேராக அந்தப் போர்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது பக்கம்மா. காது கேக்குதா?"

பின்னால் லாரி அலறியது. அக்காவின் கால் தானாக பிரேக்குக்குப் போனது. கை ஸ்டியரிங் வளையத்தை விட்டு அசையவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. லாரியைப் போகவிட்டு ஓரமாக நிறுத்தினார்.

"அதுல போக முடியாது சார். போர்டு வெச்சிருக்காங்க."

"எந்த போர்டு?"

"எதுத்தாப்புல இருக்கே. செவப்பா, இத்தாம் பெரிசு."

அவர் முன்னால் குனிந்தார். நெற்றி வேனின் முன்கண்ணாடியில் இடித்தது. "எங்க?" என்றார். அந்தக் குரலில் சார் இல்லை.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பி மாட்டும்போது மனுஷன் சுவரை விரலால் தடவித் தடவிப் பார்ப்பதை வேலைச் சுத்தம் என்று பத்துப் பேரிடம் பெருமையடித்தவர் அக்காதான். லேசா மங்கலாம்! அடப் பாவி மனுஷா. திட்ட வேண்டும் போலிருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது.

"எத்தனை நாளா இப்படி?"

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டார். "நேரா போங்கம்மா" என்றார் மெதுவாக.

அக்கா மிரரைப் பார்த்தார். தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தார். யாரிடமும் கேட்காமல் வண்டியை எடுத்தார். அடுத்த திருப்பத்திலும் கேட்கவில்லை, அதற்கடுத்த திருப்பத்திலும் கேட்கவில்லை. வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அடுப்பை நான் அணைச்சுட்டுத்தான் வந்தேன்."

வாசலில் இன்ஜினை அணைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். "சார், பாஸா, ஃபெயிலா?"

வழக்கம்போல் உள்ளங்கை நீண்டது. அக்கா சாவி வளையத்தை அதில் வைத்தார். அவர் பையில் போடவில்லை. நகத்தால் வளையத்தை நெம்பி, விரலால் தடவிப் பார்த்து, வீட்டுச் சாவியைத் தனியாகக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வேன் சாவியை வளையத்தோடு அக்காவிடம் நீட்டினார். கொஞ்சம் தள்ளி நீட்டிய அந்தக் கைக்கு நேராக, அக்கா தன் கையைக் கொண்டுபோய் வைத்தார்.