பத்து ரூபாய்க்கு மேல் ஒரு பருப்பு

டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கொடுக்கும் மீதிச் சில்லறையைக் கருத்தையா நேரே பையில் போடமாட்டார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு காசாகப் புரட்டுவார். எந்த வருஷம், எந்த ஊர் அச்சு என்று பார்த்து முடிப்பதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விடும். "பரவால்ல அண்ணாச்சி, ஐதராபாத்துக் காசு ஒண்ணு மாட்டிட்டு" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார்.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மேற்பார்வை வேலை. ஆபீஸ் என்பது ஊர் வழக்கு. உள்ளே இருப்பது மருந்து வாடையும் குச்சியும்தான். அச்சுப் பிசகிய காலிப் பெட்டிகள் அவருக்கு இலவசம். பெட்டிக்கு ஒரு காசு வீதம் நானூற்றுச் சொச்சம் பெட்டிகள், சீட்டு ஒட்டி, பீரோவில் அடுக்கியிருக்கின்றன. சோறு தாமதமானால் பொறுத்துக்கொள்வார். பெட்டி வரிசை மாறினால் வீடு ரெண்டாகும்.

எல்லாம் செம்பும் நிக்கலும். ஒன்றே ஒன்று தங்கம். நாகலாபுரத்தில் அவருடைய மானாவாரிக் காட்டில், ஐப்பசி மழை கழுவிப் போட்ட கரிசலில் மினுங்கிக் கிடந்தது. துவரம்பருப்பு அளவு. ஒரு பக்கம் ஏதோ சாமி, மறுபக்கம் ஏதோ எழுத்து. அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மிரண்டு அடுத்த காட்டுக்குள் ஓடின.

சந்தோஷம் ஒரு வாரம்தான். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், மறைத்தால் ஜெயில் என்று நாணயச் சங்கத்தில் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அவன் போய்விட்டான், அவனுடைய பத்து ரூபாய் போகவில்லை.

"பத்து ரூவா காயினை நீட்டுனா இங்கன டீக்கடைக்காரன் வாங்க மாட்டேங்கான். அந்தப் பத்து ரூவாய வச்சு என்னைய உள்ள தள்ளப் பாக்காவ" என்று குமுறுவார். குமுறலெல்லாம் வீட்டுக்குள்தான். எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்று மனைவி வெள்ளைத்தாய் கேட்டால், "குடுத்தா அவிய பூட்டி வைப்பாவ. பூட்டி வைக்க எங்கிட்டயே பீரோ இருக்குல்லா?" என்பார்.

அதன்பின் தங்கம் என்ற சொல்லே அவர் வாயில் வராது, பருப்பு என்பார். ஆனால் காசு சேர்க்கிறவனுக்கு ஜெயிலைவிடப் பெரிய தண்டனை, இருப்பதை நாலு பேரிடம் காட்ட முடியாமல் இருப்பது. காட்டினால் பருப்பு போகும், காட்டாவிட்டால் நெஞ்சு வெடிக்கும். பாவம்தான் மனுஷன்.

போன மாதம் தெருவுக்குள் அரசாங்க ஜீப் வந்திருப்பதாக யாரோ சொல்ல, வேலையிடத்திலிருந்தே மனைவிக்குப் போன் போட்டார். "ஏட்டி, பருப்பை எவன் கண்ணுலயும் படாம பத்திரம் பண்ணு."

ஜீப் வந்தது சாக்கடை அளக்க. சாயங்காலம் வீடு வந்து பெட்டியைத் திறந்தால் காலி. வெள்ளைத்தாய் கழுத்தைக் காட்டினாள். ஆசாரியிடம் போய், பருப்பின் தலையில் வளையம் பற்றவைத்து, மெருகும் போட்டு, தாலிக்கொடியில் கோத்திருந்தாள்.

"இனி இது காசு இல்ல, தாலி உருப்படி. எந்தக் கலெக்டர் கழட்டச் சொல்லுதாருன்னு பாப்போம்!"

சட்டம் விட்டதோ என்னவோ, நாணயம் செத்தது. வளையம் வைத்து மெருகேற்றிய காசை எந்தச் சேகரிப்பாளனும் சீந்தமாட்டான். கருத்தையா யாரைத் திட்டுவார்? பத்திரம் பண்ணச் சொன்னது அவர்தானே.

இப்போதெல்லாம் வேலைக்குப் புறப்படுமுன் பூதக்கண்ணாடியோடு மனைவியின் கழுத்தருகே குனிந்து, மெருகில் தேயாமல் மிச்சமிருக்கும் எழுத்தைத் தேடுகிறார். "கல்யாணமாயி இருவது வருசத்துல இப்பத்தான் இவிய என்னையக் கிட்ட வந்து பாக்காவ" என்று வெள்ளைத்தாய் பக்கத்து வீட்டுப் பெருமாயியிடம் பீற்றிக்கொள்கிறாள்.

சென்ற வாரம் பள்ளிக்கூடத்தில் நாணயக் கண்காட்சி. திறந்து வைக்க வந்தவர் ஒரு வருவாய்த்துறை அதிகாரி. கருத்தையாவின் மேஜையில் வரிசையாகத் திறந்திருந்த தீப்பெட்டிகளில் ஒன்று மட்டும் காலி. மேலே ஒட்டிய சீட்டிலும் எழுத்தில்லை.

"இதுல என்ன இருந்துச்சு?" என்றார் அதிகாரி.

இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்றுதானே இத்தனை நாள் ஏங்கினார்! உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பருப்பு சார்" என்றார் கருத்தையா.

அதிகாரி சிரித்தார். கருத்தையாவின் கண்கள் தாமாகவே மூன்றாவது வரிசை நாற்காலிக்குப் போயின. அங்கே வெள்ளைத்தாய் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டாள்.