திங்கட்கிழமைகளில் அணைந்த சுடர்

ஒரு ஞாயிறு என் கோட்டின் உள்துணி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சபையின் கோட்டு அறையில் மாட்டிவிட்டு உள்ளே போனேன். ஆராதனை முடிந்து வந்து எடுத்தால், யாரோ தைத்து வைத்திருக்கிறார்கள். பொடிப்பொடியான தையல். எங்கள் ஊரில் அப்படித் தைப்பது நேட்டா டூக் ஒருத்திதான். பிரசங்கத்தின் நடுவே அவள் இருமிக்கொண்டே எழுந்து போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட்டேன். "எனக்கு இருமல் வந்துச்சு, போனேன். கோட்டையெல்லாம் யாரு பாத்தா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கர்த்தர் அவளுக்கு அப்படி ஒரு மனதைக் கொடுத்திருந்தார். அதற்குள்ளே அவ்வளவு பொறாமையை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அவள் புருஷன் இஸ்பிராண்ட் வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலைகளைப் பழுது பார்க்கிறவர். கனடாவின் மானிட்டோபாக் குளிரில் உலை இல்லாத வீடு உண்டா? கீழறையில் அது எரிந்தால்தான் மேலே மனுஷர் இருக்க முடியும். எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள பண்ணைகளிலும் எந்த வீட்டு உலை நின்றாலும் இஸ்பிராண்டுக்குத்தான் போன் வரும். போனை எடுப்பது நேட்டா. பெண்குரல் என்றால், "உங்க வீட்டுக்காரரு இல்லையா?" என்று முதலில் கேட்பாள். உலை என்ன ஆயிற்று என்பது அதற்குப் பிறகுதான்.

மற்ற வீடுகளைப் பற்றி அவள் கேட்டதெல்லாம் ஒரு பேச்சுக்கு. யுஸ்தினா பென்னர் விஷயம் வேறு. வாலிப வயதில், பாட்டுப் பயிற்சி முடிந்து இஸ்பிராண்ட் யுஸ்தினாவைத்தான் வீடுவரை கொண்டுபோய் விடுவார். அது ஒரு கோடைகாலத்தோடு நின்று போயிற்று. அவரவருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் வளர்ந்தாயிற்று. ஆனால் அந்த வருஷம் அறுவடைச் சமயத்தில் யுஸ்தினாவின் புருஷன் இறந்துபோனார். குளிர் தொடங்கியதும் அவள் வீட்டு உலையில் கோளாறு வந்தது.

பழைய உலை அது. உள்ளே விரல்நுனி அளவுக்கு ஒரு சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். உலை மூள வேண்டிய நேரத்தில் அதிலிருந்துதான் தீ பிடிக்கும். அந்தச் சுடர் அடிக்கடி அணைந்தது. அதுவும் திங்கட்கிழமை மட்டும்.

"செவ்வாக்கிழமை அவளுக்குக் குளிரமாட்டேங்குதா?" என்று நேட்டா என்னிடம் கேட்டாள். "திங்கக்கிழமை நான் துணி துவைச்சுக்கிட்டு ஈரக்கையோட நிக்கிறேன். அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கூப்பிடறா."

இஸ்பிராண்ட் போவார், சுடரை ஏற்றிவிட்டு வருவார். சூட்டை உணரும் கம்பியை மாற்றினார். புகைபோக்கியைச் சுத்தம் செய்தார். உலையின் வாயருகே தீக்குச்சியை அணைத்துப் பிடித்து, புகை ஒழுங்காக மேலே போகிறதா என்று பார்த்தார். ஒழுங்காகத்தான் போயிற்று. அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் போன்.

ஒருநாள் நான் அவர்கள் சமையலறையில் இருந்தபோது அவர் அங்கிருந்து திரும்பி வந்தார். கையில் ஒரு பை.

"அது என்ன பை?" என்றாள் நேட்டா.

"பன்னு. சுட்டு வச்சிருந்தா, கொடுத்தா."

"சூடா இருக்கு."

"அப்பதான் சுட்டா."

"உலை அணைஞ்சு குளிருல நடுங்கறவளுக்குப் பன்னு சுட மட்டும் கை வருதோ?"

"அது அடுப்பு, நேட்டா. இது உலை."

"எனக்குத் தெரியாதாக்கும்! ஊரு பூரா பழைய உலையை மாத்துங்க மாத்துங்கன்னு சொல்றீங்க. அவகிட்ட மட்டும் ஏங்க சொல்லல?"

"ஏன் அணையுதுன்னு தெரியாம மாத்தினா, புதுசும் அணையும். அவளுக்குத் தலைவலி வேற, பாவம்."

"தலைவலியா? அதையும் உங்ககிட்டத்தான் சொல்றாளா?"

அந்த நேரத்தில் அவர்கள் வீட்டு உலை கீழே கிரீச்சென்று கத்தியது. இலையுதிர்காலத்திலிருந்தே அதன் விசிறியைச் சுற்றும் பெல்ட் தேய்ந்து கிடந்தது. "கேளு லீஸ்பெத்," என்றாள் என்னைப் பார்த்து. "எங்க வீட்டுது பன்னிக்குட்டி மாதிரி கத்துது. இதுக்கு யாரு போன் பண்றது?"

சபைப் பெண்கள் சேர்ந்து போர்வை தைக்கும் நாளில் விஷயம் முற்றியது. "இஸ்பிராண்டு அந்த டூல்பாக்ஸை அங்கேயே வச்சுட்டு வரலாமே. தூக்கிச் சுமக்கற பாடாவது மிச்சம்," என்று ஒருத்தி விளையாட்டாகச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நேட்டாவும் சிரித்தாள். ஆனால் அன்று அவள் போட்ட தையலில் ஒரு முழம் கோணிக்கொண்டு போனது. அவள் கையிலிருந்து கோணல் தையல் வந்து நான் பார்த்ததே இல்லை.

வெளியே பனியில் நடக்கும்போது அவள் என் கையைப் பிடித்தாள்.

"அவளே ஊதி அணைக்கிறா, லீஸ்பெத்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதே. விதவை."

"அதனாலதான் சொல்றேன். என் கண்ணால பாக்கணும். பாத்துட்டா அவரை இனிமே அந்தப் படி ஏற விடமாட்டேன். பாக்கலேன்னா..." கொஞ்ச தூரம் போன பிறகு, "அவரு எங்கிட்டேருந்து போயிட்டாருன்னா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க என் மனம் தாங்கவில்லை.

திங்கட்கிழமை நான் கூடப் போனேன். தனியாக விட்டால் என்ன பேசிவிடுவாளோ என்ற பயம். வழியெல்லாம் மனதுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டே போனேன்.

யுஸ்தினா கதவைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது. "துவைக்கிற நாளும் அதுவுமா வந்திருக்கீங்களே. கீழே எல்லாம் தொங்குது," என்று கூசினாள்.

"நாங்க பொம்பளைங்கதானே," என்று நேட்டா நேரே கீழே இறங்கிவிட்டாள்.

கொடி நிறைய நீள உள்கால்சட்டைகள், உள்பாவாடைகள். மூலையில் துணி உலர்த்தும் மெஷின் சுழன்றுகொண்டிருந்தது. அதன் சத்தம் மேலே கேட்காமலிருக்க யுஸ்தினா படிக்கதவை எப்போதும் சாத்தி வைப்பாளாம். நேட்டா ஒரு முக்காலியை உலையின் முன்னால் இழுத்துப் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து உலைப் பேச்சே கேட்டு வளர்ந்த குடித்தனம் அவளுடையது. முன்தகட்டைக் கழற்ற அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சுடரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னக்கா பண்றீங்க?" என்றாள் யுஸ்தினா.

"அழகா இருக்கு. பாத்துக்கிட்டிருக்கேன்."

யுஸ்தினா ஒன்றும் புரியாமல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு துணி மடித்தாள். நான் கூட மடித்தேன். உலை மூண்டு எரிந்தது. "மேலே போகவேண்டிய சூடு என் மூஞ்சியில அடிக்குதே," என்று நேட்டா கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. பிறகு உலை தணிந்தது. சின்னச் சுடர் மட்டும் நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன். அது நேராக நிற்கவில்லை. யாரோ மேலேயிருந்து அமுக்குவதுபோலக் குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. அணைந்துவிட்டது.

யுஸ்தினா அறையின் மறுகோடியில், கையில் தலையணை உறையோடு நின்றிருந்தாள்.

நேட்டா கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். "யாரும் ஊதலை," என்று மெதுவாகச் சொன்னாள். அப்புறம் மெஷினைப் பார்த்தாள். சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். "ஜன்னலுக்கெல்லாம் எப்போ பிளாஸ்டிக் ஒட்டினே?"

"எம்பையன் வந்து ஒட்டிட்டுப் போனான், அவங்க அப்பா அடக்கம் முடிஞ்சப்புறம். ஒரு சந்துபொந்து விடாம அடைச்சான்."

"இந்த மெஷின் காத்தை வெளியே தள்ளுது. உள்ளே வர வழியில்லை. புகைபோக்கி வழியாத்தான் வருது, புகையையும் இழுத்துக்கிட்டு. அவரு வந்து பாக்கறப்ப இதை ஏன் ஓடவிடல நீ?"

யுஸ்தினாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எப்படிக்கா? ஒரு ஆம்பளை வரும்போது இதையெல்லாம் தொங்கவிடறதா? மெஷினை நிறுத்தி, எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு, ஆவி போகக் கதவையெல்லாம் திறந்துவிட்டு அப்புறந்தானே போன் பண்ணுவேன்."

எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். உள்பாவாடை தொங்கும் அறைக்குள் அந்நிய ஆணை விடுகிற பெண் எங்கள் சபையில் இல்லை.

நேட்டா மெஷினை நிறுத்தினாள். யுஸ்தினாவைப் பிடித்துத் தள்ளாத குறையாக மேலே ஏற்றி, வீட்டுச் செருப்போடு பனியில் கொண்டுபோய் நிறுத்தினாள். "மூச்சு விடு. நல்லா இழு. அந்தப் புகை விஷம். உனக்கு வந்தது தலைவலி இல்லை, சாவு," என்று அதட்டினாள். அவளையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் இஸ்பிராண்டுக்குப் போன் பண்ணினாள். நான் கூடவே நின்றேன்.

"உடனே வாங்க. மெஷின் ஓடணும், கதவு சாத்தியிருக்கணும், அப்ப பாருங்க. துணியெல்லாம் தொங்கும். துணியைப் பாக்காதீங்க, உலையை மட்டும் பாருங்க!"

அவர் வந்து தீக்குச்சிப் புகையைப் பிடித்தார். புகை மேலே போகாமல் அவர் முகத்திலேயே திரும்பி வந்தது. அன்றே சுவரில் துளை போட்டு, கீழறைக்கு வெளிக்காற்று வர ஒரு குழாய் வைத்தார். வசந்தத்தில் அந்தப் பழைய உலையையே எடுத்துவிட்டு, தனக்கு வேண்டிய காற்றைத் தானே வெளியிலிருந்து இழுத்துக்கொள்ளும் புது உலையை மாட்டினார்.

யுஸ்தினா சபையில் எழுந்து நின்று, நேட்டாவைக் கர்த்தர் அனுப்பினார் என்று சாட்சி சொன்னாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நேட்டா தலை குனிந்துகொண்டாள். வெளியே வந்ததும், "நான் எதுக்குப் போனேன்னு எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும், கர்த்தருக்கும் தெரியும்," என்றாள். அப்படிப் போனாலும் அனுப்பப்பட்டிருக்கலாமே என்று நான் சொன்னேன். கர்த்தர் யாரிடத்தில் எது இருக்கிறதோ அதை வைத்து வேலை வாங்குகிறார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

அதோடு பொறாமை தீர்ந்தது என்று எழுதினால் பொய்யாகும். யுஸ்தினா நன்றிக்குப் பன் கொண்டுவந்தாள். நேட்டா ஒன்றைக் கடித்தாள். "வெண்ணெயைக் கொட்டினா யாருக்குத்தான் நல்லா வராது?" என்றாள். ஆனாலும் இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். வருஷா வருஷம் இஸ்பிராண்ட் அந்தப் புது உலையைச் சுத்தம் செய்யப் போகும்போது அவளும் வண்டியில் ஏறிவிடுவாள். அவர் கீழே வேலை செய்வார். இரண்டு பெண்களும் மேலே காப்பி குடிப்பார்கள். பேச்சு சிநேகமாகத்தான் இருக்கும். காது மட்டும் கீழே இருக்கும்.

பல வருஷங்களுக்குப் பிறகு நேட்டாவுக்கு வயிற்றில் நோய் வந்து நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் கடைசியாகப் பார்க்கப் போனபோது குரல் தேய்ந்திருந்தது. ஜெபம் பண்ணினேன். கிளம்ப எழுந்தேன். அவள் என் கையை விடவில்லை.

"அவருக்குச் சமைக்கத் தெரியாது, லீஸ்பெத். யுஸ்தினா சாப்பிடக் கூப்பிடுவா. நாந்தான் கூப்பிடச் சொல்லியிருக்கேன். தனியா உக்காந்து காஞ்ச ரொட்டியைப் பிச்சுத் தின்னறதுக்கு அது தேவலை," என்றாள். மூச்சு வாங்கியது. "ஆனா அவரு போறப்பல்லாம் நீயும் கூடப் போ. போயி ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காரு."