நெல் தின்னாத குருவி

ஐப்பசி மழையில் என் வீட்டுக்காரி கொல்லைப்படியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. காரைக்காலில் ஆபரேஷன் முடித்து எங்கள் ஊர் சுரக்குடிக்குக் கூட்டி வந்தோம். வாக்கர் பிடித்து நடக்கச் சொன்னார்கள். இப்படியே கிடந்தால் பிறகு நடக்க முடியாது என்றார் டாக்டர். அவள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம், "நாளைக்குப் பாக்கலாம்மா" என்பாள். தினமும் அதே பதில்.

கார்த்திகையில் ஒரு சாயந்தரம், கொல்லை மூங்கிலடியில் இரண்டு சீழ்க்கை. யாரோ ஆளைக் கூப்பிடுவது போல. மறுநாள் விடியலிலும் கேட்டது.

"என்னங்க அது? போய்ப் பாருங்க."

பல நாளுக்குப் பிறகு அவளாக ஒன்று கேட்டாள். போய்ப் பார்த்தேன். மைனாவை விடச் சிறிசு. கட்டை வால். நெஞ்சு சந்தன நிறம், முதுகு பச்சை, வாலடியில் சிவப்பு. கண்ணோரம் மை இழுத்த மாதிரி கறுப்பு. தரையில் தத்தித் தத்திப் போனது.

பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். "அது ஆறுமணிக்குருவிங்கய்யா. பனிக்காலத்துக்கு வடக்கேந்து வரும். காலையில ஆறு, சாயந்தரம் ஆறுன்னு கத்தும்" என்றாள் அந்தப் பெண்.

"அதுக்கு நேரம் தெரியுது. இவருக்குக் காபி நேரமே தெரியல" என்றாள் வீட்டுக்காரி.

விழுந்த பிறகு அன்றுதான் என்னைத் திட்டினாள். எனக்கு நிம்மதி.

குருவி தங்கட்டும் என்று மூங்கிலடியைச் சருகில்லாமல் பெருக்கினேன். குறுவையில் அறுத்த கதிரைக் கட்டித் தொங்கவிட்டேன். வயல்காரனுக்குத் தெரிந்த குருவியெல்லாம் நெல் தின்பதுதான். சிட்டும் மைனாவும் வந்து சண்டை போட்டன. சீழ்க்கை இல்லை. மூன்று நாள் இல்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் அடுத்த வீட்டுக் கொல்லையில் அதைப் பார்த்தேன். பெருக்காத இடம். அலகால் சருகைப் புரட்டிப் புழுவை இழுத்துக்கொண்டிருந்தது. கதிரை அவிழ்த்தேன். குப்பைக்குழியிலிருந்து சருகைக் கூடை கூடையாக அள்ளி வந்து கொட்டினேன்.

"பெருக்குனத திரும்பக் கொட்டுற ஆள இப்பதான் பாக்குறேன்" என்று ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"அது வந்தா நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து பாத்துக்க."

இரண்டு நாள் கழித்து, சாயந்தரம் சீழ்க்கை கேட்டது. கொல்லைக் கதவில் நின்றேன். உள்ளே வாக்கர் தரையில் தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"இத்துனூண்டுதானா?" என்றாள்.

சித்திரையில் குருவி போய்விட்டது. அவள் இப்போது கம்பு ஊன்றி, தானே கொல்லைக்குப் போகிறாள். மூங்கிலடியில் மட்டும் நாங்கள் விளக்குமாறு போடுவதில்லை. அந்தக் குருவிக்கு எங்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.