பக்கத்து நிரை

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. சிக்னல் முழுதாகக் கிடைப்பது அங்கே மட்டும்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்வதற்கான நேர்முகத் தேர்வுக்கு மடிக்கணினியோடு அங்கே ஏறினேன். அன்று பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அம்மாவும் வந்து பின்னால் உட்கார்ந்துகொண்டார். கிடைத்தால் மேற்படிப்பு, கிடைக்காவிட்டால் பண்டாரவளையில் கடை வேலை. எனக்குப் படபடப்பு தாங்கவில்லை.

நான் ஆராய நினைத்தது அண்டவியல். பேரண்டத்தில் உள்ள பொருளில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள். அது இழை இழையாக ஓடி ஒரு மாபெரும் வலையாகப் பின்னிக் கிடக்கிறது. அந்த இழைகளில் ஆங்காங்கே அது உருண்டு திரண்டு நிற்கும் குவியல்களைத்தான் ஹேலோ என்கிறோம். நம் பால்வீதியும் அப்படியொரு குவியலின் நடுவில்தான் இருக்கிறது. இழை வழியாகப் பொருள் வந்து விழ விழ, ஹேலோ பெருத்துக்கொண்டே போகும். இதை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும்.

திரையில் இருந்த பேராசிரியை ஒரு கேள்வி போட்டார். தடித்த இழைக்குள், பெரிய ஹேலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஹேலோ எப்படி வளரும்? வேகமாக வளரும் என்றேன், யோசிக்காமல். தீனி அங்கேதானே கொட்டிக் கிடக்கிறது! அவர் குனிந்து ஏதோ குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பள்ளி விடுமுறைகளில் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் நான் கொழுந்து எடுத்திருக்கிறேன். நிரை என்றால் தேயிலைச் செடிகளின் வரிசை, ஆளுக்கு ஒன்று. அம்மாவின் வேகமான கை தன் நிரையோடு நிற்காது. நடுவில் இருக்கும் செடிகளையும் வழித்துக்கொண்டு போய்விடும். மலை முழுக்கக் கொழுந்து இருந்தும் என் கூடையில் ஒன்றும் சேராது.

இல்லை, அது வளராது என்று கத்தியேவிட்டேன். இழையில் வருவதையெல்லாம் பெரியது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒதுக்குப்புறத்தில், மெல்லிய இழையில் கிடக்கும் அதே அளவு ஹேலோதான் நின்று நிதானமாக இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். நிரைக் கதையையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். தன் பக்கத்தில் இருந்த இன்னொரு தேர்வாளரிடம் ஏதோ கேட்டுவிட்டு, இடம் எனக்குத்தான் என்றார்.

"அம்மா, கெடச்சிருச்சு!"

அம்மா எழுந்து, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, கீழே லயத்தைப் பார்த்துக் கூப்பாடு போட்டார். எங்கள் தோட்டத்தில் நல்ல சேதியை மலையிலிருந்து கத்தித்தான் சொல்வோம்.

"எம் மக படிக்கப் போறா!"

"எந்த ஊருக்குங்க?" என்று கீழேயிருந்து ஒரு குரல்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்த ஊருடி?"

சொன்னேன். அந்தப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. முயன்று பார்த்துவிட்டு, முன்பைவிடச் சத்தமாகக் கத்தினார்:

"ஊரு பேரு வாயில வரல! ஆனா எம் மக போறா!"